காப்போடு ஆற்றைக் கடந்தது

ஒன்பது வயதில் சாமியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்யக்கூடாதவைதான். வெள்ளிக்கிழமை நகம் வெட்டக்கூடாது. விளக்கு வைத்த பிறகு வீடு பெருக்கக்கூடாது. விபூதியை இடது கையில் வாங்கக்கூடாது. சாமிக்கு நம்மைப் பிடிக்குமா, அது எப்போதாவது சிரிக்குமா என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் ஸ்கூல் பி.டி. சார் மாதிரி ஒருவர் என்றே நான் முடிவு செய்திருந்தேன். அவர் கண்ணில் படாமல் மைதானத்தைக் கடந்துவிட்டால் அன்றைய பொழுது நல்ல பொழுது.

ஆடி மாதம் வந்தால் இந்தக் கூடாதுகள் பெருகிவிடும். புணேயின் கட்கியில், ராணுவத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த தமிழர்கள் எப்போதோ கட்டிய மாரியம்மன் கோயிலில் அப்போதுதான் திருவிழா. தாத்தா அந்தத் தொழிற்சாலையில் இருந்தவர், அப்பாவும் அங்கேதான். திருவிழா தொடங்கும் நாளில் கோயிலில் காப்பு கட்டுவார்கள். அதன் பிறகு திருவிழா முடியும்வரை ஊர்க்காரர்கள் யாரும் எல்லைக்கு வெளியே இரவு தங்கக்கூடாது. நேர்த்திக்கடனுக்காகத் தங்கள் மணிக்கட்டிலேயே மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைக் கட்டிக்கொண்டவர்களுக்கு இன்னும் கெடுபிடி. அவர்கள் பகலில்கூட எல்லையைத் தாண்டக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, வெறுந்தரையில் படுக்க வேண்டும், சாவு வீட்டுப் பக்கம் தலைகாட்டக்கூடாது. கடைசி நாள் மஞ்சள் நீராட்டு முடிந்து பூசாரிதான் கயிற்றை அவிழ்க்க வேண்டும்.

இதில் எல்லை எது என்பதுதான் சிக்கல். சொந்த ஊர்ப்பக்கம் என்றால் ஏரிக்கரை, எல்லைக்கல் என்று ஏதாவது இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு முடிவே இல்லாமல் போகும் புணேயில் எல்லையை எங்கே போய்த் தேடுவது? முதலில் வந்த பெரியவர்கள் அதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ரயில்வே கேட், ஒரு பக்கம் தொழிற்சாலைச் சுவர், மற்ற பக்கமெல்லாம் வளைந்து ஓடும் முளா ஆறு. நாங்கள் குடியிருந்ததோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், சாங்வியில். அதனால் வருடாவருடம் காப்பு கட்டும் நாளில் அப்பா தலையணை, குக்கர், என் ஸ்கூல் பை எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் கட்டி எங்களைக் கட்கியில் இருந்த அத்தை வீட்டுக்குக் குடிபெயர்த்துவிடுவார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தவர். சாங்வியில் எங்கள் பக்கத்து ஃபிளாட் மராத்திக்கார அம்மாள் நாங்கள் தமிழ்நாட்டுக்குப் போய்வருகிறோம் என்றே நம்பிக்கொண்டிருந்தார். ஊரில் மழை உண்டா என்று கேட்பார். இங்கே பெய்த அளவுதான் என்று அம்மா பதில் சொல்வாள்.

சித்தப்பாவும் எங்களோடுதான் இருந்தார். அப்பாவின் தம்பி, ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பெரும்பாலும் ராத்திரி ஷிஃப்ட். ஹிஞ்சேவாடி எல்லைக்கு வெகு வெளியே. அவர் ராத்திரி அங்கே இருப்பது தங்கலா இல்லையா என்று ஒரு வருடம் பெரிய விசாரணை நடந்தது. வேலை செய்தால் தங்கல் ஆகாது, தூங்கினால்தான் தங்கல் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். ஆபீசில் தான் வேலையைவிடத் தூக்கத்தைத்தான் ஒழுங்காகச் செய்வதாகச் சித்தப்பா என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அம்மனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவளுக்கு வேறு வேலை இல்லையா என்றார்.

அவருக்குச் சாமியே கிடையாது என்றிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இருந்தது. கோயிலுக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நிற்பார். கும்பிட்ட கையோடு ஸ்டேஷன் வாசலில் போய் ஆம்லெட் பாவ் தின்பார். சாமி வேண்டும், சட்டம் வேண்டாம் என்பது அவர் கட்சி. சட்டத்தை எடுத்துவிட்டால் சாமியென்று கும்பிட மிச்சம் என்ன இருக்கும் என்பது அப்பாவின் கட்சி. தட்டில் கை காயும்வரை இருவரும் வாதாடுவார்கள். அம்மா எந்தக் கட்சியிலும் சேராமல் ரசம் ஊற்றுவாள்.

நான் சொல்ல வந்த வருடம் காப்பு கட்டிக்கொண்டவள் அந்த அம்மாதான், அதுவும் எனக்காக. அந்தக் கோடையில் எனக்கு அம்மை போட்டிருந்தது. உடம்பெல்லாம் முத்து, கண்ணோரத்திலும் ஒன்று. பார்வைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று வீடே நடுங்கியது. அம்மா என்னை வேப்பிலையில் படுக்கவைத்து, தாளிக்காமல் சமைத்து, தீச்சட்டி எடுப்பதாக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அதே அம்மா, சித்தப்பா டாக்டரிடம் கேட்டு வாங்கிவந்த மாத்திரையைப் பொடித்து, அப்பாவுக்குத் தெரியாமல் இளநீரில் கலந்து கொடுத்தாள். எது கேட்டதோ, முத்து இறங்கிவிட்டது. புருவத்தில் ஒரு சின்னக் குழி மட்டும் நின்றுவிட்டது.

ஆகவே அம்மாவின் மணிக்கட்டில் இருந்தது என் கண் என்பது என் கணக்கு. அவள் விரதத்தில் எங்காவது பிசகினால் முத்து திரும்பி வரும், இந்த முறை நேராகக் கண்ணுக்குள் வரும். போதாக்குறைக்கு அத்தை தெருப் பிள்ளைகள் ஒரு கதை வைத்திருந்தார்கள். விரதம் சுத்தமாக இருந்தால் தீச்சட்டி சுடாதாம், கையில் பூ வைத்த மாதிரி இருக்குமாம். காப்பு கட்டிக்கொண்டு கேன்டீனில் ஆம்லெட் தின்ற ஒருவருக்கு மட்டும் பாதி வழியிலேயே கை வெந்துபோய், ஊரே பார்க்க அலறினாராம். அன்று முதல் நான் சித்தப்பாவின் கையைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். அம்மாவின் கையை மட்டும் ஓயாமல் பார்த்தேன். அவள் பாத்திரம் தேய்க்கும்போது கயிறு நனைந்தால் போய்ச் சொன்னேன். தூக்கத்தில் அவள் தலை பாயில் பட்டுவிட்டதா என்று எட்டிப் பார்த்தேன். என் தொல்லை தாங்காமல் அத்தை என்னைப் போலீஸ்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

திருவிழா பாதி போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலையில் ஆரணியிலிருந்து மாமா போன் செய்தார். அம்மாவின் அப்பாவுக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, டாக்டர்கள் பிடிகொடுத்துப் பேசவில்லை, பார்ப்பதென்றால் உடனே வா என்றார். போனை வைத்துவிட்டு அம்மா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்தாள். பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்து போய் அணைக்கவில்லை.

அத்தை, காப்பு கட்டின கையோடு எப்படி என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். சித்தப்பா யாரையும் கேட்காமல் தன் போனில் சென்னைக்கு விமான டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா குளிக்கப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, தலையைத் துவட்டியபடியே, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"நான் போன்னும் சொல்லல. போவாதன்னும் சொல்லல."

அப்பா ஒரு விஷயத்தில் தீர்ப்புச் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. டிக்கெட் கிடைக்குமா, சென்னையிலிருந்து பஸ் எத்தனை மணிக்கு என்றெல்லாம் பேசுகிறார்கள், என் கண்ணின் கதி என்னவென்று ஒருவருக்கும் தோன்றவில்லையே. ஆரணித் தாத்தாவை நான் மொத்தமே சில லீவுகளில்தான் பார்த்திருந்தேன். கண்ணைத் தினமும் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

ஸ்கூலுக்குப் போகச் சொன்னார்கள். மாட்டேன் என்று அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு சித்தப்பாவின் காரில் ஏறிவிட்டேன். நான் பிடித்துக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் ஆகாது என்று ஒரு எண்ணம். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு பழைய பாலம் உண்டு. சாதாரண நாளிலேயே அங்கே வண்டிகள் ஊர்ந்துதான் போகும், அன்று மழை வேறு. பாலத்தின் மேல் ஏறிய கார் அங்கேயே நின்றுவிட்டது. முன்னால் பஸ், இரண்டு பக்கமும் ஆட்டோ, கீழே செம்மண் நிறத்தில் ஆறு. எல்லை ஆற்றின் இந்தக் கரையா, அந்தக் கரையா, நட்டநடுவா என்று பெரியவர்கள் சொல்லி வைக்கவில்லை. கார் ஓர் அடி நகர்ந்தால் எனக்கு உயிர் போயிற்று. நின்றால் திரும்பி வந்தது. இன்னும் உள்ளேதான், இன்னும் உள்ளேதான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பாவுக்கு வண்டி நின்றால் வாய் நிற்காது. இதெல்லாம் மனுஷன் போட்ட கோடு, ரயில்வே கேட்டை அம்மனா வந்து வைத்தாள், நம்பிக்கை என்பது மனசுக்குள் இருப்பது, அதற்குப் பாலமும் கிடையாது கேட்டும் கிடையாது என்று ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிப் பேசினார். அவர் பேசப் பேச அம்மாவுக்கு ஆறுதல் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கடைசியில் அவரே ஒரு உபாயம் சொன்னார். காப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் அத்தை வீட்டுச் சாமி படத்தடியில் வைத்துவிடுவார். காப்பு எல்லைக்குள்ளேயே இருக்கும், அம்மா நிம்மதியாகப் போய்வரலாம். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. அம்மாவின் கையை எடுத்து முடிச்சைத் தேடினேன்.

அம்மா கையை உருவிக்கொண்டாள்.

"கழட்டிட்டா அப்புறம் எனக்கும் அவளுக்கும் இன்னா இருக்குது தம்பி? தப்புன்னு தெரிஞ்சுதான் போறேன். தப்ப சரின்னு சொல்லிக்கினு போவ எனக்கு வரல."

சித்தப்பா வாயைத் திறந்தார். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது, பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள், அவர் கியரைப் போட்டார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கார் மேடேறி இறங்கி, சக்கரச் சத்தம் மாறியது. பாலம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. முதலில் வலது கண்ணைத் திறந்தேன். தெரிந்தது. இடது கண்ணைத் திறக்கத்தான் வெகுநேரம் ஆயிற்று.

விமான நிலையத்தில் அம்மா வெறுங்காலோடு மழைத்தண்ணீரில் இறங்கி நின்றாள். என் புருவக் குழியில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வாசலில் இருந்த காவலர் அவள் காலைப் பார்த்து ஏதோ கேட்பதும், அவள் தன் ஓட்டை இந்தியில் பதில் சொல்வதும் தெரிந்தது. எதைச் சொன்னாளோ, அவர் வழிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் இருப்புக்கொள்ளாமல் அலைந்தேன். அத்தை வீட்டுப் பீரோக் கண்ணாடியை விட்டு அகலவில்லை. கழுத்தில் ஒரு சிவப்புத் தடிப்பைப் பார்த்துவிட்டு அலறியதில் அத்தை கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டார். கொசுக்கடி. ஸ்கூலில் பலகை மங்கலாகத் தெரிந்தது, பிறகு பார்த்தால் பலகைதான் சரியாகத் துடைக்கப்படாமல் இருந்தது. சித்தப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, என்ன, முத்து முளைச்சுதா என்று கேலி செய்வார். கேலிதான். ஆனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என் முகத்தை இன்னொரு முறை பார்ப்பார்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி அப்பா. சாயங்காலப் பூசையில் அம்மாவைக் காணவில்லையே என்று கோயில் கமிட்டித் தலைவர் அத்தை வீட்டு வாசலுக்கே வந்து கேட்டார். அப்பா கண்ணிமைக்காமல், காய்ச்சல், படுத்திருக்கிறாள் என்றார். நான் அங்கேதான் நின்றேன். பென்சில் சீவிய குப்பையை எங்கே போட்டாய் என்பதில்கூட உண்மை பேச வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். அவர் போன பிறகு அத்தை ஒரு டம்ளர் மஞ்சள் தண்ணீரை உள்ளறைக்குக் கொண்டுபோனார், தெருவில் பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று. காலி அறையைச் சுற்றிவிட்டு வந்து, அதைத் தானே குடித்தார். எல்லை தாண்டியது ஒரு குற்றம், அதை மறைப்பது இரண்டாவது குற்றம், இரண்டையும் சேர்த்து அம்மன் என்னிடம்தான் வசூலிக்கப் போகிறாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அம்மன்கிட்டயும் காய்ச்சல்னுதான் சொல்வீங்களா என்று அப்பாவிடம் கேட்டேன். சும்மா இரு என்றார். அன்றிலிருந்து அவர் பாயை உதறிவிட்டு வெறும் சிமெண்ட் தரையில் படுத்தார். கோயிலுக்குச் செருப்பில்லாமல் நடந்து போனார். காப்பு கட்டாதவருக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் பதிலாகச் செய்கிறாரா, அம்மாவை அனுப்பியதற்காகச் செய்கிறாரா என்று இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை, கேட்டால் சும்மா இரு என்பார்.

தீச்சட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா திரும்பி வந்தாள். பாதத்தில் பித்தவெடிப்பு பிளந்திருந்தது, கையில் காப்பு இருந்தது. தாத்தா கண் திறந்து பார்த்தாராம், இன்னார் வந்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டாராம். கூட இருக்கும்படி மாமா சொல்லியும் இவள் கிளம்பிவிட்டாள். அத்தை குரலைத் தாழ்த்தி, இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கலாமே என்றார். வேண்டிக்கிட்டது இருக்கே அண்ணி என்று அம்மா சொன்னாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போய், உடம்பு தேவலையா என்று கேட்ட கமிட்டித் தலைவருக்குத் தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தூறல் நிற்கவில்லை. மஞ்சள் புடவைகள் வரிசையாக நின்றன. பூசாரி ஒவ்வொருவர் கையிலும் வேப்பிலையை வைத்து அதன்மேல் சட்டியை வைத்தார். விறகுத் துண்டும் கற்பூரமும் சேர்ந்து தீ ஆள் உயரத்துக்கு எழுந்தது, தூறல் பட்டுச் சட்டி சீறியது. பம்பைச் சத்தத்தில் கட்கிச் சந்தைத் தெரு அதிர்ந்தது. அம்மா நடந்தாள். நான் அவள் பக்கத்திலேயே, அவள் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடினேன். ஒருமுறை வாழைப்பழ வண்டியில் மோதிக்கொண்டேன். அலறப் போகிறாள், இதோ அலறப் போகிறாள் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் காத்திருந்தேன். அவள் உதட்டைக்கூடக் கடிக்கவில்லை. சட்டியை வலது கையிலிருந்து இடதுக்கும் இடதிலிருந்து வலதுக்கும் மாற்றிக்கொண்டு, எங்கோ பார்த்தபடி கோயில்வரை போய், சுற்றி வந்து, இறக்கிவைத்தாள். எனக்கு உயிர் வந்தது. அம்மன் மன்னித்துவிட்டாள். அல்லது அவளுக்குத் தெரியவே இல்லை. எதுவானாலும் என் கண் தப்பித்தது.

அத்தை வீட்டுக்கு வந்ததும் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மூடி மடியில் வைத்திருந்தாள். பூ மாதிரி இருந்த கையைப் பார்க்கும் ஆசையில் நான் விரல்களைப் பிரித்தேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வேப்பிலை ஒட்டிப் பிய்ந்த இடத்தில் சதை தெரிந்தது.

நான் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். தெரிஞ்சுபோச்சு, அம்மனுக்குத் தெரிஞ்சுபோச்சு என்று கத்தினேன். அத்தை ஓடிவந்து கதவைச் சாத்தினார். என் வாயைப் பொத்தினார். பிறகு என் முன்னால் உட்கார்ந்து தன் கைகளை விரித்துக் காட்டினார். பல வருடம் தீச்சட்டி எடுத்த கைகள். உள்ளங்கையில் தோல் அங்கங்கே வழவழவென்று, கோடே இல்லாமல் இருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு வெந்தது என்று சொல்லியிருந்தார், நானும் நம்பியிருந்தேன்.

"தீன்னா சுடாதாடி? எல்லாருக்கும் சுடும். யாரும் காட்டிக்க மாட்டாங்க, அவ்ளோதான்."

அப்போ ஆம்லெட் தின்றவர் என்று கேட்டேன். அவன் வாய்விட்டுக் கத்திட்டான் என்றார் அத்தை.

எனக்குத் தலை சுற்றியது. விதியை ஒன்றுவிடாமல் காத்த அத்தைக்கும் சுட்டிருக்கிறது. ஆற்றைத் தாண்டிய அம்மாவுக்கும் சுட்டிருக்கிறது. அப்படியென்றால் வெறுந்தரையில் எதற்குப் படுத்தார்கள், குக்கரை எதற்கு ஸ்கூட்டரில் கட்டினோம், நான் ஏன் இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தேன்? சித்தப்பா கதவோரம் நின்றிருந்தார். அவர் கட்சி ஜெயித்த நேரம் அது, ஒரு சொற்பொழிவே செய்திருக்கலாம். அவர் அம்மாவின் கையைப் பார்த்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த விவகாரத்தில் இன்றைக்கும் எங்கள் இருவருக்கும் சண்டை உண்டு. விதி பொய் என்று அன்றே தெரிந்துவிட்டதே என்பார் அவர். சுடும் என்று தெரிந்தவர்கள்தான் அதைக் காத்தார்கள் என்பேன் நான். சொல்லிவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே சரியாகத் தெரியாமல் விழிப்பேன். இரண்டு நாள் கழித்து அவர் கட்சியை நானும், என் கட்சியை அவரும் பேசிக்கொண்டிருப்போம்.

அப்போது அப்பா உள்ளே வந்தார். ஊர்வலம் கிளம்பியதிலிருந்து அவரைக் காணவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சட்டை நனைந்திருந்தது, கையில் போன் இருந்தது. சித்தப்பாவின் காதில் ஏதோ சொன்னார், சித்தப்பா கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அப்பா அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள்.

அப்பா அவள் கையை எடுத்துக் காப்பின் முடிச்சை நெருட ஆரம்பித்தார். மஞ்சள் நீராட்டுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பூசாரி அவிழ்க்க வேண்டிய முடிச்சு. தண்ணீரில் ஊறி ஊறி இறுகிப்போயிருந்ததால் அது அவிழவில்லை. அத்தை, டேய், என்னடா பண்றே என்றார், பெரிய சத்தமாகக்கூட இல்லை. அப்பா குனிந்து, கொப்புளத்தில் படாமல் மணிக்கட்டைத் திருப்பி, கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இந்தத் தடவ காப்போட போவாத" என்றார். "மகளா போ."

ஆரணித் தாத்தா அன்று காலை, தீச்சட்டி பாதி வழியில் இருந்தபோது இறந்துவிட்டார் என்றும், அப்பா அந்தச் செய்தியை வாங்கிவைத்துக்கொண்டு சட்டி இறங்கும்வரை கோயில் மதிலோரம் மழையில் நின்றார் என்றும் எனக்கு மறுநாள்தான் சொன்னார்கள். அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கயிறு போய்விட்டது, என் கண் இருந்தது. அம்மா அழுதாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க, அதுவரை நான் பார்த்திராத மாதிரி அழுதாள். கை எரிகிறது, அதுதான் இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்தாள் என்று நினைத்தேன். அவள் உள்ளங்கைகளை என் மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கன்னம் வலிக்க வலிக்க ஊதிக்கொண்டே இருந்தேன்.